குசினியில் பிறந்த ஒரு மருத்துவத் தொழில்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். நீரிழிவைப் பற்றி எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். மலரை வாசிக்கப்போகும் பழைய மாணவிகளில் ஐம்பதைக் கடந்தவர்களே அதிகம் என்பதால் அது நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் சென்ற ஆண்டு எமது கல்லூரி மண்டபத்தில் நடந்த தொழில் வழிகாட்டல் நிகழ்வில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. ஆகவே குழுவினரின் மன்னிப்போடு, அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளை. எழுந்து நின்று, "டொக்டர் அக்கா, டயற்றீசியன் எண்டால் ஆஸ்பத்திரியிலை சமைக்கிற ஆக்களோ?" என்று கேட்டாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம். "இல்லைப் பிள்ளை, நோயாளிக்கு எந்தச் சாப்பாடு, எவ்வளவு எண்டு கணக்குப் போட்டுச் சொல்லுற ஆக்கள்" என்று ஒரு வரியில் நான் முடித்துவிட்டேன். நிகழ்வு முடிந்து வெளியே வந்தபோது அவள் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். பகிடிக்குக் கேட்கவில்லையாம். அம்மம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிளினிக்கில் "உப்பைக் குறையுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்களாம். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதை விளங்கப்படுத்துகிற ஆளாக வரவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். "அம்மா சொல்லுறா, மெடிசின் கிடைக்காட்டி அதைப் பாப்பம் எண்டு."

மெடிசின் கிடைக்காவிட்டால். இந்தச் சொற்களை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். 1990களின் முற்பகுதியில் நாங்கள் இக்கல்லூரியில் படித்தபோது மனையியல் அறை பின்பக்கத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்தது. கணிதமும் விஞ்ஞானமும் ஓடுகிற பிள்ளைகள் அந்தப் பக்கம் போவது கொஞ்சம் கௌரவக் குறைவு என்று நினைத்தோம். மின்சாரம் இல்லாத காலம்; ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். மண்ணெண்ணெய் விற்ற விலையில் அடுப்புப் பற்றவைத்துப் பாடம் நடத்த முடியாது. எங்கள் மனையியல் ரீச்சர் விறகு பொறுக்குவித்து, முருங்கையிலையும் ஒடியல் மாவும் குரக்கனும் வைத்துப் பாடம் நடத்தினார். 'இல்லாத காலத்தில் எதைச் சாப்பிட்டால் எதை ஈடுசெய்யலாம்' என்பதுதான் அவருடைய பாடத்தின் சாரம் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எங்களுக்கு அது சமையல் பாடம்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து உள்ளகப் பயிற்சி வைத்தியராக வேலைசெய்தபோது, நீரிழிவுள்ள ஒரு அம்மாவுக்கு நான் சொன்ன உணவு ஆலோசனை முழுவதும் இவ்வளவுதான்: "அம்மா, சோறு, மாச்சாப்பாடு, சீனி எல்லாத்தையும் நல்லாக் குறைச்சுப் போடுங்கோ." அவ சொல்லுக் கேட்கிற மனுசி. காலையில் பிட்டை விட்டா, இரவில் இடியப்பத்தை விட்டா, மத்தியானம் இரண்டு கரண்டிச் சோறு. ஆனால் நாங்கள் எழுதிக்கொடுத்த கிளிபென்கிளமைட் குளிசையை மட்டும் ஒரு நேரமும் தவறவிடாமல் போட்டா. நான்காம் நாள் விடிய நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். குருதியில் குளுக்கோசு மிகத் தாழ்ந்திருந்தது. குளுக்கோசு ஏற்றி, ஒன்றரை நாள் பக்கத்தில் நின்று பார்த்து, அவ பிழைத்துவிட்டா. கண் விழித்ததும், "நீங்கள் சொன்ன மாதிரித்தானே பிள்ளை செய்தனான்" என்றா. அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பில் கிளிபென்கிளமைட் எந்தக் கலத்தில் எப்படி வேலைசெய்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நீத்துப்பெட்டி பிட்டில் எவ்வளவு மாப்பொருள் இருக்கிறது என்று தெரியாது.

இந்தத் தெரியாமை புதியதல்ல என்பதைத்தான் வரலாறு காட்டுகிறது. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறள்களில் ஆறு உண்பதைப் பற்றியவை. வைத்தியனுடைய வேலை எட்டாவது குறளில்தான் தொடங்குகிறது. எமது முன்னோரின் பத்தியமும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியும் அந்த மரபில் வந்தவையே. ஆனால் மேற்கத்தைய மருத்துவம் மருந்தையும் கத்தியையும் நம்பி வளர்ந்தபோது உணவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் ஸ்கேவி நோயால் பீடிக்கப்பட்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் கிடைத்த இருவர் விரைவில் தேறினார்கள். அவர் நூல் எழுதி வெளியிட்டது 1753இல். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கியது 1795இல். இடையில் 42 ஆண்டுகள்!

அடுத்த கதையில் எமது நாட்டுக்கும் பங்கு உண்டு. பெரிபெரி என்ற நோயின் பெயர், 'இயலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்து வந்தது என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் விளக்கம். 'இயலாது, இயலாது' என்று நோயாளியே சொல்வதுபோன்ற பெயர். கால்கள் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து இறப்பார்கள். 1883இல் ஜப்பானிய கடற்படையின் றியூஜோ என்ற கப்பல் நீண்ட பயணம் போய்வந்தபோது 376 பேரில் 169 பேருக்கு இந்நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். லண்டனில் மருத்துவம் படித்த தகாகி கனெஹிரோ என்ற கடற்படை வைத்தியர், அடுத்த ஆண்டு அதே வழியில் இன்னொரு கப்பலை அனுப்பச் செய்தார். இம்முறை வெள்ளைச் சோற்றைக் குறைத்து, வாற்கோதுமையும் இறைச்சியும் பாலும் சேர்த்தார். நோய் கண்டவர்கள் மிகச் சிலரே. புரதக் குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தது பிழை. ஆனால் சிகிச்சை சரி. தரைப்படையினரோ அவரை நம்பவில்லை. அதன் விலையாக 1904-05 ரஷ்ய யுத்தத்தில் ஆயிரக்கணக்கான படையினரைப் பெரிபெரிக்குப் பலிகொடுத்தார்கள்.

ஜாவாவில் ஒல்லாந்த வைத்தியர் கிறிஸ்தியான் ஐக்மனுக்கு விடை கிடைத்தது கோழிக்கூட்டில். இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளின் கால் மடங்கியது. பிறகு வந்த புதிய சமையற்காரர், இராணுவச் சோறு கோழிகளுக்கு இல்லை என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட்டார்கள், கோழிகள் எழுந்து நடந்தன. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலாயாவில் நடந்தது எமக்கு இன்னும் நெருக்கமானது. எமது பாட்டன்மார் பலர் உத்தியோகம் பார்த்து 'மலாயன் பென்சனியர்' ஆகித் திரும்பிய நாடு அது. அங்கே தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளருக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழருக்கு அரிதாகவே வந்தது. இதை பிராடன் என்ற வைத்தியர் 1907இல் நூலாக எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்பவர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் மறு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் கொடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எங்கள் ஆச்சிமார் மொட்டைக்கறுப்பன் நெல்லை அண்டாவில் அவித்து முற்றத்தில் பாய் விரித்துக் காயவிட்டதன் இரசாயனம் இதுதான். 'விற்றமின்' என்ற சொல்லை கசிமிர் ஃபங்க் உண்டாக்கியது பிறகுதான், 1912இல்.

இதுவரை சொன்னது உணவைப் பற்றிய அறிவின் கதை. பெரும்பாலும் ஆண்களின் கதை. அந்த அறிவை நோயாளியின் கோப்பைக்குக் கொண்டுவந்த தொழிலின் கதை பெண்களுடையது.

கிரிமிய யுத்தத்தில் 1854இல் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போன புளோரன்ஸ் நைற்றிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாகவே எமக்குப் படிப்பித்தார்கள். அவர் அங்கே முதலில் ஒழுங்குசெய்தவற்றுள் ஒன்று நோயாளருக்கான தனிக் குசினி. அடுத்த ஆண்டு அலெக்சிஸ் சொயர் என்ற லண்டன் சமையற்கலைஞரும் போய்ச் சேர்ந்தார். நைற்றிங்கேல் 1859இல் எழுதிய தாதியியல் நூலில் உணவுக்கு மட்டும் இரண்டு அத்தியாயங்கள் உள்ளன. நோயாளி சாப்பிடாமல் வைத்த கோப்பையை ஏன் என்று கேட்காமல் எடுத்துச் செல்வது அவருக்குப் பொறுக்காது. இன்றும் எமது விடுதிகளில் அந்தக் கோப்பைகள் கேள்வியில்லாமல்தான் திரும்பிப் போகின்றன.

அமெரிக்காவில் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்பவர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் அனுமதி பெற்ற முதற் பெண். 1873இல் இரசாயனத்தில் பட்டம் பெற்றார். இரசாயனத்தை வீட்டுக்கும் நீருக்கும் உணவுக்கும் கொண்டுவந்தவர் அவர். 1899இல் லேக் பிளசிட் என்ற இடத்தில் அவர் முன்னின்று நடத்திய மகாநாட்டில்தான் மனையியல் ஒரு கற்கைத் துறையாக உருவெடுத்தது. 'டயற்றீசியன்' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் சொன்னதும் அங்கேதான். ஆக, நாங்கள் ஏளனம் செய்த மனையியல் அறைதான் இத்தொழிலின் பிறந்த வீடு. முதலாம் உலக யுத்தத்தின்போது, உணவைச் சிக்கனமாகவும் சரியாகவும் பயன்படுத்த வேண்டிய நெருக்கடியில், லெனா கூப்பரும் லூலு கிரேவ்சும் சேர்ந்து 1917 ஒக்ரோபரில் கிளீவ்லண்ட் நகரில் அமெரிக்க டயற்றீசியன்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 1924இல் எடின்பரோ றோயல் ஆஸ்பத்திரியில் றூத் பைபஸ் என்ற தாதிச் சகோதரி முதல் டயற்றீசியனாகப் பணிதொடங்கினார். 1936இல் அங்கும் சங்கம் அமைந்தது.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். இடையில் 1922 வருகிறது. அவ்வாண்டு ஜனவரியில் ரொறன்ரோவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் நீரிழிவு வந்த பிள்ளைக்கு இருந்த ஒரே சிகிச்சை, சாகாத அளவுக்கு மட்டும் சாப்பாடு கொடுத்து நாளைக் கடத்துவது. அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அப்படித்தான் மூன்று ஆண்டுகள் உயிர்வாழ்ந்தாள். ஒரு தாதி கூடவே இருந்து ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துக் கொடுத்தாள். பதினைந்து வயதை எட்டும் நேரத்தில் அவளுடைய நிறை 20 கிலோ. இன்சுலின் கிடைத்து, திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981வரை வாழ்ந்தாள். இன்சுலின் வந்ததும் உணவைக் கணக்கிடும் வேலை இல்லாமற் போகும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது மறுதலை. எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு சாப்பாடு என்று பொருத்திப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். பொருத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் குளிசையோடு செய்துகாட்டினேன்.

இத்தொழிலில் என் மனதுக்கு மிகப் பிடித்தவர் எல்சி விடோசன். 1906இல் லண்டனில் பிறந்தவர். அப்பிளில் உள்ள சீனிகளை ஆராய்ந்து இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றும் அவருக்கு உறுதியான வேலை அமையவில்லை. டயற்றீசியன் பயிற்சிக்குச் சேர்ந்தார். பெருமளவில் சமைப்பதைப் பழக 1933இல் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியின் குசினிக்கு அனுப்பினார்கள். அங்கே வைத்தியர் றொபேர்ட் மக்கான்ஸ், வேகவைக்கும்போது இறைச்சியிலிருந்து எது போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழங்களின் சீனியளவு பற்றி அவர் முன்னர் வெளியிட்டிருந்த கணக்கை விடோசன் பார்த்துவிட்டு, "உங்களுடைய எண்கள் பிழை" என்ற கருத்தில் சொன்னார். பயிற்சி மாணவி ஒருத்தி வைத்தியருக்குச் சொல்கிறாள்! மக்கான்ஸ் கோபப்படவில்லை, சேர்ந்து வேலைசெய்ய அழைத்தார். அவருடைய அந்த நல்ல குணமும் வரலாற்றில் பதியப்பட வேண்டியதே. அவர்களது கூட்டு 60 ஆண்டுகள் நீடித்தது. 1940இல் இருவரும் வெளியிட்ட உணவுகளின் இரசாயனச் சேர்க்கை பற்றிய அட்டவணை நூல், புதிய பதிப்புகளாக இன்றும் டயற்றீசியன்களின் மேசையில் இருக்கிறது.

யுத்த காலத்தில் பங்கீட்டு உணவு போதுமா என்று அறிய, பாணும் கோவாவும் உருளைக்கிழங்குமாகத் தாங்களே மாதக்கணக்கில் சாப்பிட்டு, பிறகு மலையேறித் தங்கள் உடம்பைச் சோதித்தார்கள். பாண் மாவுக்குக் கல்சியம் சேர்க்கும் வழக்கம் அந்த ஆய்வின் வழி வந்தது.

விடோசனின் இன்னொரு ஆய்வை விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவிகள் கட்டாயம் அறிய வேண்டும். யுத்தம் முடிந்தபின் 1948இல் ஜேர்மனியில் இரண்டு அநாதை இல்லங்கள்; ஒவ்வொன்றிலும் ஐம்பது பிள்ளைகளளவில். முதல் ஆறு மாதம் இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் மேலதிகமாகப் பாணும் ஜாமும் தோடம்பழச் சாறும். அந்தப் பிள்ளைகள்தான் கூட நிறை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மேலதிக உணவு கிடைக்காத பிள்ளைகள் அவர்களைவிட வளர்ந்தார்கள். தேடிப் பார்த்ததில் விடயம் வெளிவந்தது. மேலதிக உணவு தொடங்கிய அதே வேளையில், மற்ற இல்லத்திலிருந்த கடுமையான மேற்பார்வையாளர் இந்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் அவர் ஏசுவார். சூப் ஆறும்; பிள்ளை அழும். அவருடைய செல்லப் பிள்ளைகள் சிலர் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள்! 1951இல் இதை 'லான்செற்' சஞ்சிகையில் அவர் எழுதினார். எங்கள் காலத்து விடுதியின் சாப்பாட்டு மேசையில் யார் எங்கே இருப்பார் என்பது சிலருக்கு இப்போது ஞாபகம் வரலாம். நான் பெயர் சொல்லவில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். கனடாவில் ஹமில்ற்றன் நகரில் அடிலேய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், 1889இல் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். பழுதான பாலே காரணம் என்று நம்பிய அவர், பெண்பிள்ளைகளுக்கு மனையியல் படிப்பிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, 1897இல் முதலாவது மாதர் நிறுவகம் தோன்றக் காரணமானார். அதே ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவம் படித்த மேரி என்ற இளம் பெண் 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து, டொக்டர் மேரி இரத்தினமாக இங்கேயே வாழ்ந்து மறைந்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்களும் மனைக்கலை நூலும் எழுதினார். கனேடிய மாதர் நிறுவகங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிள சமித்தியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது பெற்றார். மருத்துவர் ஒருவர் மருந்தெழுதுவதோடு நில்லாமல் சமையலறை வரை போனதற்கு எமது நாட்டில் அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. அவரைப் பற்றி மருத்துவ பீடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கொழும்பு ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ், விற்றமின் குறைபாட்டால் தோல் தேரையின் தோல்போலச் சொரசொரப்பாவதை 1933இல் விவரித்தார். வெப்பவலய நாடுகளின் போசணை பற்றி 1938இல் அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் குன்னூரில் மக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியரின் கோதுமை ரொட்டியும் பாலும் உண்டவை முதலிடம். எமது உணவுக்கு நெருங்கிய சென்னை மாகாணத்துச் சோறு உண்டவை மிகக் கீழே.

சோறு இந்நாட்டில் அரசியலும்கூட. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் பதவி விலக நேர்ந்தது. 1973இல் வந்த திரிபோஷாவை எம்மில் பலர் கிளினிக்கில் வாங்கிச் சீனி போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிட்டிருக்கிறோம். சோளமும் சோயாவும் கலந்த அந்தப் பக்கற்றுக்குப் பின்னால் எவ்வளவு போசணைக் கணக்கு இருக்கிறது என்று தெரியாமலே.

இப்போது அந்தப் பிள்ளையின் அம்மம்மாவுக்கு வருகிறேன். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு உப்பு மட்டும் பிரச்சினையல்ல, பொற்றாசியமும் பிரச்சினை. குளிர்ச்சி என்று நாம் அன்போடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளநீரில் அது நிறைய உண்டு. முற்றிய நிலையில் இருப்பவருக்கு இதயத் துடிப்பையே குழப்பிவிடும். கீரையையும் கிழங்கையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொற்றாசியம் குறையும். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தினால் மனுசி மெலிந்துபோவா. குருதிச் சுத்திகரிப்புத் தொடங்கும்வரை புரதத்தை அளவோடு கொடுக்க வேண்டும். தொடங்கியபின் கூட்ட வேண்டும். மீனா, முட்டையா, எத்தனை துண்டு, சொதிக்கு எவ்வளவு பால், கருவாடு எப்போதாவது ஆசைக்குத் தொடலாமா? இவற்றை ஒரு கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் நான் சொல்ல முடியாது. சொன்னாலும் எனக்குத் தெரிந்தது அரைகுறை. குழாய் வழியாக உணவு ஏற்றப்படுபவருக்கு, தீக்காயப்பட்டவருக்கு, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, புற்றுநோய் மருந்தால் வாய் புண்ணானவருக்கு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு. இதைச் செய்கிறவர்தான் டயற்றீசியன்.

படிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். உயர்தர உயிரியல் பிரிவிலிருந்து வயம்பப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற பட்டப்படிப்புக்குப் போகலாம். இந்தியாவில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் போன்ற மனையியல் மரபில் வளர்ந்த நிறுவனங்களும் உண்டு. பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளில் இது பதிவுபெற்ற மருத்துவத் தொழில். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கான நேரடிப் பயிற்சி இல்லாமல் பதிவு கிடைக்காது. உண்மையையும் மறைக்கக்கூடாது. எமது நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்கான இடங்கள் குறைவு. படித்து முடித்ததும் நியமனக் கடிதம் வீட்டுக்கு வரும் என்று எந்தப் பெற்றோரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தேவை குறைவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மாமிக்கு அங்குள்ள டயற்றீசியன் கொடுத்த தாளில் பாஸ்தாவைக் குறைக்கவும் சீஸைக் குறைக்கவும் எழுதியிருந்தது. மாமி இரண்டையும் தொட்டதேயில்லை. "அப்ப எனக்கு ஒண்டும் குறைக்கத் தேவையில்லை" என்று சந்தோசமாக இரண்டு நீத்துப்பெட்டி பிட்டுச் சாப்பிட்டா. நீத்துப்பெட்டியை அறிந்த ஒரு டயற்றீசியன் அந்த நாட்டிலும் வேண்டும்.

இதை எழுதத் தொடங்கியபின் எங்கள் மனையியல் ரீச்சரைத் தேடித் தொலைபேசியில் பேசினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. புழுங்கலரிசிக் கதையை, மலாயா வரை போய் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவள்போலச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதை நான் ஒன்பதாம் வகுப்பிலை படிப்பிச்சனான் பிள்ளை. நீர் அண்டைக்கு விஞ்ஞானக் கொப்பியை மடியிலை வைச்சு எழுதிக்கொண்டிருந்தனீர்" என்றார்.

பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் பேசுகிறார்களாம்.